பேருக்கு ஈச்சம்பழம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையிலுள்ள ஒரு சரக்குக் கிட்டங்கியில் சிப்பங்களுக்குக் குறி எழுதுபவனாக நான் வேலை பார்த்தேன். நிலவாகை இலையும் பனந்தும்பு நாரும் சாக்கில் கட்டப்பட்டுக் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கும். இன்ன சரக்கு, இன்ன துறைக்குப் போவது என்று சாக்கின்மேல் எழுதுவது என் தொழில். சீமை மை வருவது நின்றுவிட்டபடியால் மையையும் நானே காய்ச்சிக்கொள்ள வேண்டியதாயிற்று. கடுக்காயை இடித்து ஊறவைத்து, அந்தத் துவர்ப்புத் தண்ணீரில் அன்னபேதி உப்பைக் கரைத்தால், நீர் கண்ணெதிரே கறுத்துவிடும். அன்னபேதி இரும்பிலிருந்து வருவது. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு என்னும் இப்பாடத்தை என் பத்து விரல் நகங்களும் அறிந்திருந்தன. ஆயினும், வேண்டிய வேளையில் அது எனக்கு உதவவில்லை. அந்தக் கதையையே இங்கு எழுதப் புகுகிறேன்.

என் மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் முதற்குழந்தை பிறந்த அன்றே இறந்துபோயிற்று. உதிரப்போக்கு மிகுந்து, அவளும் பிழைப்பது அரிது என்னும் நிலையில் கிடந்து எழுந்தவள். ஆகவே இம்முறை மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் முன்கூட்டியே அழைத்துச் சென்றேன். அவர் நாசரேத் பக்கத்துக்காரர். குரல் உயர்த்தாமலே அதட்டக் கூடியவர். என் மனைவியின் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தார். பிறகு விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தை மை ஒற்றும் தாள் போன்ற ஒரு தாளில் ஒற்றினார். பக்கத்தில் மற்றோர் அட்டை இருந்தது. அதில் வெளிறிய சிவப்பு முதல் அடர்ந்த சிவப்பு வரை படிப்படியாக நிறக் கட்டங்கள் அச்சிடப்பட்டிருந்தன. துளி உலர்ந்ததும் அதனை ஒவ்வொரு கட்டத்தோடும் ஒப்பிட்டார். அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நிறம் பார்ப்பது என் பிழைப்பு. அவளுடைய இரத்தம், தண்ணீர் கூடிப்போன மை போல இருந்தது.

"இந்தக் கட்டத்துல நிக்குது," என்று டாக்டரம்மா கீழிருந்து இரண்டாவதைக் காட்டினார். "நல்ல அனீமியா. ஒன்பதாம் மாசம் பிறக்கையில இந்தா, இந்த நாலாவது கட்டத்துக்கு வந்தாகணும். வரலைன்னா, போன தடவை போன ரத்தத்துல பாதி போனாக்கூட என்னால இவளைக் காப்பாத்த முடியாது. மறைச்சுப் பேசி என்ன பிரயோசனம்? போன மாசம் இங்க குடுத்த இரும்பு மிக்ஸ்சரைக் குடிக்காளா?"

"குடிச்ச சுருக்குல வாந்தி எடுத்துருதா, டாக்டரம்மா," என்றேன்.

"அப்ப சாப்பாட்டுலதான் ஏத்தணும். முருங்கைக் கீரை, ஈரல், பேரீச்சம்பழம். பேரீச்சம்பழத்துல இரும்பு இருக்கு."

வீடு திரும்பும் வழியில் என் மனைவி தானாகச் சிரிக்கத் தொடங்கினாள். எங்கள் தெருவில் பழைய இரும்பு வாங்க வருபவர், ஓட்டைச் சட்டிக்கும் உடைந்த கரண்டிக்கும் ஈடாகப் பேரீச்சம்பழம் கொடுப்பது வழக்கம் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

"இப்பல்லா சங்கதி தெரியுது," என்றாள். "நம்ம ஓட்டைச் சட்டியத்தான் அவன் பழமாக்கித் திருப்பித் தாரான். போன வருசம் நான் போட்ட கரண்டிக்காம்பு எந்தப் புண்ணியவதி வயித்துல கிடக்கோ!"

அவள் கேலிக்குச் சொன்னாள். நானோ கடற்கரைச் சாலை முடியும் மட்டும் அதையே யோசித்து வந்தேன். கொடுப்பதும் இரும்பு, வாங்குவதும் இரும்பு என்றால், முதன்முதலில் இந்தப் பண்டமாற்றை ஏற்படுத்தியவன் பழத்தின் குணத்தை அறிந்தவனாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இவ்வாறு ஒன்றோடொன்றைப் பொருத்திப் பார்ப்பது பள்ளிக்கூடம் அதிகம் காணாத என் போன்றோருக்கு ஒரு பழக்கம். பலமுறை அது நன்மை செய்திருக்கிறது.

மறுநாளே மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"பேரீச்சம்பழமா? பஸ்ராவுல இருந்து கப்பல் வரணும்வே. கப்பலெல்லாம் பட்டாளத்தை ஏத்திக்கிட்டுத் திரியுது. பழைய இரும்புக்காரனே இப்பம் பொரிகடலைதானே குடுக்கான்."

"டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லியிருக்காவ, அண்ணாச்சி."

அவர் முகம் மாறியது. எங்கள் முதற்குழந்தையின் செய்தி அவருக்கும் தெரியும். பிறகு, கடையின் வாசற்புறம் கைகாட்டி, "பேரீச்சம்பழம் கிடையாது. பேருக்கு ஈச்சம்பழம் வேணும்னா அங்கன இருக்கு, பாரும்," என்றார். அத்தனை துக்கத்திலும் சிலேடையை விட மனமில்லாதவர்.

வாசலில் ஓர் அம்மாள் ஓலைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். சாயர்புரம் பக்கத்துச் செம்மணல் தேரியிலிருந்து விறகு வண்டியில் தொற்றிக்கொண்டு வருபவள் என்று பின்னர் அறிந்தேன். பெட்டி நிறையக் கருநீலமாய்ச் சிறு பழங்கள். ஈச்சம்பழத்தை நான் அறியாதவன் அல்லேன். ஆனால் அதனை ஒரு பொருளாக மதித்து உற்று நோக்கியது அன்றுதான். சுண்டுவிரல் நகத்தினும் சற்றே பெரியது. பளபளப்பான தோல். அதன் அடியில் காகிதக் கனத்துக்கு ஒரு சதை. மற்றதெல்லாம் கொட்டை. இயற்கை இவ்வளவு பெரிய விதைக்கு இவ்வளவு மெல்லிய சட்டை தைத்த காரணம் யாதென்று வியந்தேன்.

"இதுவும் பேரீச்சையும் ஒரு சாதிதானா, ஆச்சி?" என்று கேட்டேன்.

"ஒரு சாதிதான். அது பணக்காரச் சாதிசனம்; நம்ம வீட்டுக்கு வராது. இது வரும்."

"சத்து இருக்குமா?"

"சத்து இல்லாமலா தேரிக்காட்டு நரி இதைத் தின்னுட்டுக் குதியாளம் போடுது? ஐயா, கையில எடுத்துத் தின்னு பாரும். கேள்வி வயித்தை நிரப்புமா?"

வாயிலிட்டேன். முதலில் இனிப்பு, உடனே நாக்கின் இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு, பிறகு மீண்டும் கொட்டையைச் சுற்றி ஓர் இனிப்பு. அவள் கேட்காமலே பல விவரங்கள் சொன்னாள். செங்காய்க் குலையை வெட்டி உப்புத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் விடியுமுன் கறுத்துப் பழுக்குமாம். பழச் சதையை வறுத்த அரிசியோடு இடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம். ஓலை துடைப்பத்துக்கும், குருத்து தின்பதற்கும் ஆகுமாம். காப்பிக்கொட்டை கிடைக்காததால் சிலர் இந்தக் கொட்டையை வறுத்து இடிக்கிறார்கள் என்றும் சொன்னாள். இதைச் சோதிக்க விரும்பி நான் ஒருநாள் முயன்றேன். கொட்டை இடிபடவில்லை, உலக்கைப் பூண்தான் கழன்றது.

அன்று முதல் அந்த அம்மாள் வரும் நாளெல்லாம் எங்கள் வீட்டுக்கு ஒரு படி ஈச்சம்பழம் வந்தது. என் மனைவி முதல் நாள் முகத்தைச் சுளித்தாள். மூன்றாம் நாள் பெட்டியைத் தானே தேடினாள். எப்போதும் வாயில் ஒரு கொட்டை உருண்டுகொண்டே இருக்கும். பேசும்போது அது ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போவது தெரியும்.

ஆனால் என் ஐயம் தீரவில்லை. பெரிய ஈச்சையில் இரும்பு உண்டென்று டாக்டரம்மா சொன்னார். சிறிய ஈச்சையில் உண்டென்று யார் சொன்னார்? உறவு இருப்பதனாலேயே குணமும் இருக்கும் என்று கொள்ளலாமா? என் சிற்றப்பா ஒருவர் நன்றாகப் பாடுவார். நான் பாடினால் கிட்டங்கியில் வேலை நின்றுவிடும். ஆகவே சோதித்துப் பார்ப்பதென்று துணிந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கைப்பிடி பழத்தைப் பிசைந்து கொட்டை நீக்கி, கருப்பட்டியும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து, அடுக்களையிலிருந்த இரும்புச் சட்டியில் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். சாறு ஊதாவாக இருந்தது. கொதி வந்து சற்று நேரத்தில் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கியது. பிறகு முழுவதும் நல்ல மை நிறம். என் கிட்டங்கி மைகூட அத்தனை ஆழமாக வந்ததில்லை.

"ஏளா, இங்கன வா! இரும்பு இருக்குளா, இரும்பு!" என்று கூவிவிட்டேன்.

அவள் இடுப்பில் கையூன்றி வந்து எட்டிப் பார்த்தாள். "கறுப்பா இருந்தா இரும்பா? அப்ப நீங்களும் இரும்புதான். உங்களை எந்தச் சட்டியில போட்டுக் கொதிக்க வைக்க?"

"கேலி பண்ணாதே. மைக்கு எப்படிக் கறுக்குமோ அப்படியே கறுத்திருக்கு. இரும்பு இல்லாமக் கறுக்காது."

"சரி, குடிக்கேன். நீங்க இவ்வளவு சந்தோசப்படுதியளே," என்றாள்.

அன்று அடுக்களையில் மற்றொன்றையும் கவனித்தேன். மூலையிலிருந்த தண்ணீர்ப் பானையின் வாய் விளிம்பு வரிசையாக உடைந்திருந்தது. தவறிப் பட்டு உடைந்தது போலில்லை. கொறித்தது போல இருந்தது.

"எலி வந்துருக்கு. பானை வாயை இப்படித் தின்னு வச்சிருக்கே," என்றேன்.

"பஞ்ச காலத்துல எலி எதைத்தான் விடும்?" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஓர் எலிப்பொறி வாங்கி, கருவாட்டுத் துண்டு குத்திப் பானையருகே வைத்தேன். எலி விழவில்லை. எனினும் சில நாட்களுக்குப் பிறகு பார்த்தபோது விளிம்பு மேலும் குறையாமல் அப்படியே இருந்தது. பொறியைக் கண்டு எலி அஞ்சியதாகக் கருதிக்கொண்டேன்.

ஆடி பிறந்ததும் மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி, துளி, தாள். டாக்டரம்மா அட்டையை நகர்த்தும்போது நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கட்டத்தில் பொருந்தவில்லை. மூன்றாவதில் அப்படியே பொருந்தியது.

"என்ன குடுத்திய?" என்று டாக்டரம்மா வியந்து கேட்டார்.

இதற்காகவே காத்திருந்தவன் போல நான் விளக்கத் தொடங்கினேன். பஸ்ராவையும், தேரிக்காட்டையும், இரும்புச் சட்டியையும், சாறு கறுத்த விதத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். பிறகு என் நகங்களைப் பார்த்தார்.

"நீங்க மை காய்ச்சுவியளோ?"

"ஆமா, டாக்டரம்மா."

"எதுல?"

"கடுக்காயும் அன்னபேதியும்."

"கடுக்காய்ல இரும்பு இருக்கா?"

"இல்லை. கடுக்காய் துவர்ப்புக்கு. அன்னபேதிதான்..." என்று தொடங்கியவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

"சொல்லுங்க. ஈச்சம்பழம் துவர்க்குமா?"

"துவர்க்கும்."

"அப்ப அது கடுக்காய் வேலை பார்த்திருக்கு. அன்னபேதி வேலையை யாரு பார்த்தா?"

"சட்டி," என்றேன்.

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு மூன்று வருடமாக நான் தினந்தோறும் செய்த காரியம் அது. என் வீட்டு அடுப்பில் அதையே கண்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. வேண்டியது தெரிய வேண்டும் என்று கண் ஏங்கும்போது, முன்பே தெரிந்திருந்ததுகூட மறைந்துவிடுகிறது.

டாக்டரம்மா என்னை அதற்குமேல் வருத்தவில்லை. "சட்டியில இருந்து கொஞ்சம் இறங்கியிருக்கும், கெட்டுப்போகல. ஆனா துவர்ப்பு இரும்பை இறுக்கிப் பிடிச்சுக்கிடும். உடம்புக்கு லேசுல விட்டுக் குடுக்காது. பழம் நல்லதுதான், சர்க்கரை இருக்கு, தெம்பு தரும். ஆனா இந்த ஏத்தம் அதுனால வந்ததில்ல," என்றவர், என் மனைவியின் பக்கம் திரும்பினார். "வாயைத் திற. பல்லு ஏன் இப்படி நுனி தேஞ்சிருக்கு? உண்மையைச் சொல்லு. சாம்பல் தின்னியா? மண்ணு தின்னியா?"

நான் சிரித்தேவிட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை.

"பானை ஓடு," என்றாள் மெல்ல.

"பானையா? அது எலில்லா..." என்றேன் நான்.

"எலி நாந்தான்."

முதற்பிள்ளை வயிற்றிலிருந்தபோதே அந்த ஆசை தொடங்கியதாம். தண்ணீர்ப் பானையின் ஈர மணம் மூக்கில் ஏறினால் கையை நிறுத்த முடியாதாம். ஒரு சில்லை உடைத்து வாயில் போட்டுக்கொண்டால்தான் மனம் அமையுமாம். வெட்கத்தினால் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் எலிப்பொறி வைத்த அன்று, அதிலுள்ள கருவாட்டைப் பார்த்துப் பார்த்துச் சிரித்து, பிறகு அழுதாளாம்.

"இதுல வெக்கம் என்ன? ரத்தம் குறைஞ்ச கர்ப்பிணியள்ல பாதிப் பேருக்கு இந்த ஆசை வரும்," என்றார் டாக்டரம்மா. "ஆனா அந்த மண்ணு, நீ திங்கிற கீரையில உள்ள இரும்பையும் உடம்புல சேர விடாம வெளிய தள்ளிரும். எப்பம் விட்ட?"

"ஈச்சம்பழம் வந்த பெறவு. பானையோட்டு நினைப்பு வந்தா வாயில கிடக்க கொட்டையை உருட்டுவேன். அந்தத் துவர்ப்பு கொஞ்சம் மண்ணு மாதிரியே இருக்கும். மிக்ஸ்சரும் இப்பம் வயித்துல தங்குது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "உங்க பழத்துல இரும்பு இருக்கோ இல்லையோ, அது வாசல்ல காவல் நின்னிருக்கு. இன்னும் ஒரு கட்டம் ஏறணும். மிக்ஸ்சர் குடிக்க நேரத்துல மட்டும் பழம் வேண்டாம்."

அந்த ஒரு கட்டம்தான் என்னை வாட்டியது. ஏனெனில் ஆடியோடு ஈச்சம்பழம் ஓய்ந்துவிடும். பழம் இல்லாத நாளில் ஓடு அவளை மீண்டும் அழைக்குமல்லவா? பானையை அப்புறப்படுத்தி விடுவதாகச் சொன்னேன்.

"பானை கிடக்கட்டும்," என்றாள். "அதை எடுத்தா அடுத்த வீட்டுப் பானை கிடக்கும். ஊர்ல எத்தனை பானையை எடுப்பிய?"

அது நியாயம் என்று பட்டது. தேரிக்காட்டு அம்மாளிடம் சொல்லி, கடைசிக் குலைகளை வெயிலில் உலர்த்திக் கொண்டுவரச் செய்தேன். "காஞ்சதை ஆட்டுக்குல்லா போடுவோம்!" என்று அவள் அதிசயித்தாள். காரணத்தைக் கேட்டதும், தின்று துப்பிய கொட்டைகளை ஒன்றுவிடாமல் கழுவிக் காயவைத்துக்கொள்ளும்படி சொன்னாள். அவளுக்கும் அந்த ஆசையின் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உலர்ந்த பழம் இருபது நாளில் தீர்ந்தது. அதற்குப் பின் என் மனைவி வெறுங்கொட்டைகளைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். வீட்டில் அவள் நடமாடும் இடமெல்லாம் சலசல என்று ஒரு சிற்றொலி கேட்கும். அவ்வொலி பானைப் பக்கம் சென்று நிற்கும்போது நான் எழுதுவதை நிறுத்திச் செவிசாய்ப்பேன். சற்றுப் பொறுத்து, பல்லில் கொட்டை உருளும் ஓசை வரும். நான் மறுபடி எழுதத் தொடங்குவேன்.

ஆவணியில் துளி ஒற்றியபோது டாக்டரம்மா அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டார். "நிறம் பார்க்க நீங்கதானே கெட்டிக்காரர். சொல்லுங்க," என்றார். நான் மூன்றாவது கட்டத்தில் வைத்துப் பார்த்தேன். துளி அதைவிடச் சிவந்திருந்தது. நான்காவதில் வைத்தேன். கட்டம் எது, துளி எது என்று பிரித்தறியக் கூடவில்லை. இருந்தும், ஆசை என் கண்ணை ஒருமுறை ஏமாற்றியிருந்தபடியால் அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்து, "நீங்களே பாருங்க," என்றேன். அவர் பார்த்துத் தலையசைத்தார்.

புரட்டாசியின் முதல் வாரத்தில், ஒரு முற்பகல் வேளையில் பெண் குழந்தை பிறந்தது. இரத்தம் போகத்தான் செய்தது. டாக்டரம்மா இரண்டு முறை வெளியே வந்து பஞ்சு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மூன்றாம் முறை வந்து, "தாங்கிட்டா," என்றார். அவ்வளவே. நான் அருகிலிருந்த வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் தீட்டுக் கழிந்தபின் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். குழந்தைக்கு வெந்நீர் வைப்பதற்காக அடுக்களைக்குள் போனேன். மூலையில் அந்தப் பானை, கொறித்த வாயோடு, வியர்த்து நின்றது. இத்தனை மாதங்களாக அதனைப் பகையாகவே பார்த்துவந்த எனக்கு, அப்போதுதான் ஒன்று தோன்றியது: நான் ஈச்சம்பழத்தை ருசித்தேன், அதன் கொட்டையை இடித்தேன், சாற்றைக் கொதிக்கவைத்தேன், இந்த விவகாரத்தில் நான் சோதிக்காமல் விட்டது இந்த ஓடு ஒன்றுதான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, விளிம்பில் ஒரு சில்லை ஒடித்து வாயிலிட்டேன். குளிர்ந்திருந்தது. கடித்ததும் மாவாக உதிர்ந்து, முதல் தூறல் விழுந்த தரையின் மணம் தொண்டைவரை இறங்கியது. நன்றாகவே இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வாசல் நிலையில் சலசல என்று ஓர் ஒலி கேட்டது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"பொறியை எங்க வச்சிய?" என்று கேட்டாள். "எலி மாட்டிட்டே!"